மறதிதானே என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள்!

"வயசாயிடுச்சு, இனிமே மறக்கத்தானே செய்யும்?" இந்த வார்த்தையைச் சொல்லாத வீடு உண்டா? சொல்லிவிட்டு, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், பேசாம உக்காருங்க" என்று பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து விடுகிறோம். பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால், மறதியை வளர்க்கிற காரணங்களில் இப்படி ஓரமாக உட்கார வைப்பதும் ஒன்று என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பகுதியில் சமையல், கோலம், கைவைத்தியம் என்று எழுதும் சகோதரிகளுக்கு நடுவே, இதைப் பற்றியும் நாலு வார்த்தை எழுதலாமே என்று தோன்றியது.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உண்டு, நமக்கே உண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே "இது எதுக்கு?" என்று கேட்பது, சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, இதெல்லாம் டிமென்ஷியா என்கிற மறதி நோய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. 'மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மெண்ட்' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மூளைத் திறன் லேசாகக் குறைவது என்று வைத்துக் கொள்ளலாம். குளிப்பது, சாப்பிடுவது, பூஜை, ஜெபம் எல்லாம் அவர்களே செய்வார்கள். ஆனால் சொன்னதையே சொல்வார்கள், கணக்கில் தடுமாறுவார்கள், பேச்சு நடுவில் வார்த்தை கிடைக்காமல் திணறுவார்கள். இந்தப் படியில் நிற்கிற எல்லோரும் அடுத்த படிக்குப் போய்விடுவதில்லை. சிலர் அப்படியே இருக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் சிலர் பழையபடி ஆகியும் விடுகிறார்கள். அதனால்தான் இந்தச் சமயத்தில் அலட்சியம் கூடாது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு 71 வயது. வேளாங்கண்ணியில் கோயிலுக்குப் போகும் வழியில் மெழுகுவர்த்தி, பூமாலை, தென்னங்கன்று விற்கிற சின்னக் கடை எங்களுடையது. முப்பது வருஷத்துக்கு மேலாக அத்தைதான் கல்லாவில் இருப்பார்கள். ஆகஸ்ட் 29ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கிற திருவிழாக் கூட்டத்தில் கூட ஒரு ரூபாய் தவறாது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று முறை சில்லறையை மாற்றிக் கொடுத்து விட்டார்கள். உடனே என் கொழுந்தனார், "அம்மா இனிமே கடைக்கு வர வேணாம். வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் சரி என்றார்.

அதன் பிறகுதான் வேகமாகச் சரிந்தார்கள். நாலே மாதம். இன்று என்ன கிழமை என்று காலையில் ஐந்து முறை கேட்பார்கள். டி.வி. ஓடும், பார்க்க மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். நான் பிடிவாதமாக நாகப்பட்டினத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பி.பி. 170 இருந்தது. ரத்தத்தில் பி-12 சத்து குறைவு. இரண்டு கண்ணிலும் புரை. காது பாதிதான் கேட்கிறது. எல்லாம் எழுதிவிட்டு டாக்டர் கேட்டார்: "அம்மா நாள் பூரா என்ன செய்யறாங்க?" நான் பதில் சொல்வதற்குள் அத்தையே சொன்னார்கள்: "சும்மாத்தான் இருக்கேன் சாமி. என்னை யாரும் ஒண்ணும் செய்ய விடறதில்லை." அப்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டாக்டர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வயது, பரம்பரை இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 இருக்கின்றன என்று 'லான்செட்' என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024ல் சொல்லியிருக்கிறது. படிப்பு இல்லாமை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, பி.பி., சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உடல் உழைப்பு இல்லாமை, புகை பிடித்தல், குடி, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பவைதான் அந்த 14. இவை எல்லாவற்றையும் சரி செய்ய முடிந்தால், உலகில் டிமென்ஷியா வருகிறவர்களில் 100க்கு 45 பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு.

நம் நாட்டு நிலவரம் என்ன? 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நாடு முழுக்க நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. டிமென்ஷியா இருப்பவர்கள் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களில் 100க்கு 5.8 பேர் என்றால் பெண்களில் 9 பேர். பட்டணத்தை விட கிராமத்தில் அதிகம். ஏன் என்று யோசித்தால் நமக்கே ஓரளவு புரியும். நம் டெல்டாவில் நாத்து நடவும் களை எடுக்கவும் போன அந்தத் தலைமுறைப் பெண்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்? காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் வெந்தவர்கள் எத்தனை பேர்? தனக்கு பி.பி. இருப்பதே தெரியாமல் கருவாடும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்?

இதில் மனச்சோர்வை நாம் கவனிப்பதே இல்லை. எங்கள் கடலோரத்தில் 2004 சுனாமியில் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். மனசு விட்டுப் போனவர்களுக்கு எதிலும் கவனம் நிற்காது; பார்க்கிறவர்களுக்கு அது மறதி மாதிரியே தெரியும். அதற்கும் சிகிச்சை உண்டு. 'அழுதாத்தான் சரியாகும்' என்று விட்டு விடக்கூடாது.

பி.பி. விஷயத்தில் நல்ல சேதி ஒன்று. அமெரிக்காவில் பி.பி. உள்ள 9,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களை விட, இந்த லேசான மூளைத் திறன் குறைவு வருவது 19 சதவீதம் குறைந்தது என்று 2019ல் சொன்னார்கள். ஆனால் நம் வீட்டுப் பெரியவருக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரொம்ப இறங்கினால் தலை சுற்றி விழுந்து விடுவார்கள்.

காது சமாசாரமும் அப்படித்தான். பாதி வார்த்தை காதில் விழாவிட்டால் மனசில் எப்படிப் பதியும்? பதியாததை 'மறந்துட்டாங்க' என்கிறோம். கேட்காததால் அவர்கள் பேச்சைக் குறைத்துக் கொள்ள, கத்திப் பேச வேண்டுமே என்று நாமும் குறைத்துக் கொள்கிறோம். கடைசியில் கூட்டுக் குடும்பத்திலேயே தனிமை! காது மிஷின் வைத்தால், ஏற்கெனவே பாதிப்பு வர அதிக வாய்ப்புள்ள முதியவர்களுக்கு மூளைத் தளர்ச்சி மூன்று வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2023ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

எனக்குத் தெரிந்த வரையில், நாம் வீட்டில் செய்யக் கூடியவை:

1. 60 தாண்டியவர்களுக்கு பி.பி., சர்க்கரை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். புதிதாக மறதி தெரிந்தால் பி-12, தைராய்டு பரிசோதனை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

2. காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். சில சமயம் காதில் அடைத்த அழுக்கை எடுத்தாலே போதும்.

3. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும் மறதியைக் கூட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

4. குளியலறையில் வழுக்காமல் பாருங்கள், ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். விழுந்து தலையில் லேசாகத்தான் பட்டது என்றாலும், சில வாரம் கழித்துத் தடுமாற்றமோ தலைவலியோ வந்தால் உடனே காட்டுங்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம்.

5. வேலையைப் பிடுங்காதீர்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, பால் கணக்கு, பேரனுக்குக் கதை, சாயங்காலம் தெரு முனை வரை ஒரு நடை என்று அவர்களால் முடிந்ததை அவர்களே செய்யட்டும். தாமதமானால் ஆகட்டுமே!

அத்தைக்குப் புரை ஆபரேஷன் ஆயிற்று. பி-12 ஊசி போட்டோம். பி.பி. மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்தத்தான் பெரிய போராட்டம்! கடைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. இப்போது காலையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார்கள். பக்கத்தில் நானோ என் மகளோ இருப்போம். மறதி முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. பெயர்கள் இன்னும் மறக்கின்றன. ஆனால் கிழமை கேட்பது நின்று விட்டது. தெரிந்தவர்கள் வந்தால் "தென்னங்கன்னு போன தடவை வச்சியே, வேர் பிடிச்சுதா?" என்று விசாரிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். இந்த 14 காரணங்களில் பல, நாற்பது ஐம்பது வயதிலேயே வேலையை ஆரம்பித்து விடுகின்றன. மிச்சம் மீதியைச் சாப்பிட்டு எடை போட்டுக்கொண்டு, "எனக்கென்ன" என்று பி.பி. பார்க்காமல் இருக்கிற நமக்கும் இது பொருந்தும். மாமியாரை அழைத்துப் போகிற அன்றைக்கு நம் கையையும் நீட்டி ஒரு முறை பார்த்துக் கொள்ளலாம் அல்லவா? என்ன தோழியரே, இந்த வாரமே போகிறீர்களா?

— வாசகி, வேளாங்கண்ணி