ஏசி வெல்டிங் செட்டை டிசி ஆக்கிய கணக்கு

எங்கள் பட்டறையில் இருப்பது இரண்டு பேஸில், 415 வோல்ட்டில் ஓடும் பழைய ஏசி வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர். கேட், கிரில், ஜன்னல் என்று வேலை இருந்தவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. 6013 ராடு ஏசியில் நன்றாகவே எரியும். டிராக்டர் டிரெய்லர் கொக்கி, ரோட்டவேட்டர் ஃபிரேம், பொக்லைன் வாளி என்று கனமான ரிப்பேர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் 7018 ராடைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. பெயரில் உள்ள 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை, ஏறக்குறைய 480 மெகாபாஸ்கல். 6013-க்கு இது 415தான். பாரம் இழுக்கும் கொக்கியில் அந்த வித்தியாசத்தோடு, லோ ஹைட்ரஜன் ராடு தரும் விரிசல் விடாத பற்றவைப்பும் வேண்டும்.

பகலில் 7018 ஒருவாறு ஓடியது. மாலையானால் ராடு ஒட்டிக்கொள்ளும், ஆர்க் அணையும். காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருந்தது. ஏசியில் 7018 நிலையாக எரிய, ராடு தொடாத நிலையில் ஹோல்டருக்கும் எர்த்துக்கும் இடையே 70 வோல்ட்டாவது இருக்க வேண்டும். எங்கள் செட் தருவது 75. ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் லைன் 415-லிருந்து 370-க்கு இறங்கும். 75-ஐ 370-ஆல் பெருக்கி 415-ஆல் வகுத்தால் 66.9. 70-க்குக் கீழே 3 வோல்ட். கைப்பழக்கத்தில் தவறு என்று நினைத்துப் பையனை நான் திட்டிய நாட்கள் உண்டு. தவறு கையில் இல்லை.

50 ஹெர்ட்ஸ் ஏசியில் கரண்ட் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஆர்க் அணைந்து மறுபடி பற்ற வேண்டும். டிசியில் திசை மாறாது, ஆகவே வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ராடு தாங்கும். அதற்கு நான்கு டயோடு போட்ட ஒரு பிரிட்ஜ் போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டயோடு இதில் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி சூடும் சோக்கும்.

முதலில் டயோடு. 3.15 மில்லிமீட்டர் 7018, அதாவது நம் வழக்கில் 10 நம்பர் ராடு, 120 ஆம்பியரில் நன்றாக ஓடும். பிரிட்ஜில் ஒவ்வொரு டயோடும் பாதி நேரம்தான் வேலை செய்கிறது. ஆகவே சராசரி ஒன்றுக்கு 60 ஆம்பியர். ராடு ஒட்டிக்கொள்ளும்போது கரண்ட் ஏறும் என்பதால் 60-க்கு 60 வாங்கக் கூடாது. நான் போட்டது 150 ஆம்பியர் ஸ்டட் டயோடு. வோல்ட்டைப் பொறுத்தவரை 75 ஏசியின் உச்சம் 106. ஆர்க் அறும்போது வரும் துள்ளலுக்கு இடம் விட்டு 600 வோல்ட் தாங்கும் வகையை எடுத்தேன். 400-க்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்டட் டயோடு இரண்டு வகையில் வரும்: ஸ்டட் பக்கம் கேதோடாக உள்ளது, ஸ்டட் பக்கம் ஆனோடாக உள்ளது. இரண்டு வகையிலும் இரண்டிரண்டு வாங்கினால் முதல் இரண்டையும் ஒரே அலுமினியத் தட்டில் முடுக்கலாம், அது பிளஸ். மற்ற இரண்டையும் இன்னொரு தட்டில் முடுக்கலாம், அது மைனஸ். நான்கும் ஒரே வகை என்றால் ஒன்றுக்கொன்று படாத மூன்று தட்டுகள் வேண்டும். நான் முதலில் பழைய பொருள் கடை ஒன்றில் நான்கு டயோடு 500 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் நாள் இரண்டு செத்தன. ஏற்கெனவே சூடு கண்ட டயோடா என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டயோடு மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

இனி சூடு. எந்நேரமும் இரண்டு டயோடுகள் வழியாகத்தான் கரண்ட் போகிறது. ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் 2.4 வோல்ட் அங்கேயே கழிகிறது. 120 ஆம்பியரால் பெருக்கினால் 288 வாட். ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் 25 வாட் என்று நினைத்துப் பாருங்கள். பதினொரு அயர்னின் சூடு ஒரு பெட்டிக்குள்.

இரண்டு தட்டும் சேர்ந்து 3 கிலோ அலுமினியம். ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி ஏற்ற 900 ஜூல் ஆகும், 3 கிலோவுக்கு 2,700. ஒரு 10 நம்பர் ராடு என் கையில் ஏறக்குறைய 1 நிமிடம் எரியும். 288-ஐ 60-ஆல் பெருக்கி 2,700-ஆல் வகுத்தால் 6.4. காற்றே இல்லாவிட்டால் ராடுக்கு 6.4 டிகிரி ஏறும் என்று பொருள். மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி. அங்கிருந்து 8 ராடில் 90-ஐத் தாண்டிவிடும். ஆகவே ஃபேன் கட்டாயம். தொடர்ந்து எரித்தாலும் தட்டு 90-க்குள் நிற்க வேண்டுமானால், வாட் ஒன்றுக்கு 0.17 டிகிரிக்கு மேல் ஏறாத தட்டு வேண்டும். ஃபேன் இல்லாமல் 3 கிலோ தட்டு அதைச் செய்யாது. 6 அங்குல ஃபேன் ஒன்றைத் தட்டின் துடுப்புகளின் ஊடே ஊதும்படி வைத்தேன். ஸ்லாக் தட்டுவதும் ராடு மாற்றுவதும் போக, 10 நிமிடத்தில் 4 நிமிடம்தான் ஆர்க் எரிகிறது. சராசரிச் சூடு 115 வாட்டுக்கு இறங்கிவிடும். 85 டிகிரியில் மூடும் தெர்மல் சுவிட்சைத் தட்டில் ஒட்டி, ஒரு விளக்கோடு இணைத்திருக்கிறேன். அந்த விளக்கு இதுவரை ஒருமுறை எரிந்தது, ஃபேனில் தூசி அடைத்தபோது.

சோக்கைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? கரண்ட் திசை மாறாது, ஆனால் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். 7018 எரியும், ஆனால் படபடவென்று எரியும். சோக் என்பது கரண்டைச் சேமித்துவைத்துப் பள்ளத்தில் கொட்டும் இரும்பு. 1 மில்லிஹென்றி சோக்கில் 120 ஆம்பியர் ஓடும்போது 7.2 ஜூல் தங்கியிருக்கிறது. ஆர்க்குக்கு 24.8 வோல்ட், டயோடுகளுக்கு 2.4, சோக்கின் சொந்தத் தடைக்கு 1.5. ஆக 28.7. அந்த அளவில் பள்ளம் வரும்போது கரண்ட் மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 29 ஆம்பியர் வீதம் மெதுவாக இறங்கும். என் கணக்கில் அடிமட்டம் 30 ஆம்பியர் அளவில் நின்று மேலே ஏறிவிடுகிறது. பூஜ்யத்துக்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஆர்க் அணைவதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். 2 மில்லிஹென்றி போட்டால் இன்னும் மெத்தென்று எரியும். ஆனால் இரும்பும் செம்பும் இரட்டிப்புக்கு அருகில் போகும். சிக்கனம் என்று பார்த்தால் 1 போதும்.

இரும்பு, பழுதான வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தது. நடுக்கால் 50 மில்லிமீட்டர், ஸ்டாம்பிங் அடுக்கு 50 மில்லிமீட்டர், அதாவது 25 சதுர சென்டிமீட்டர். டிரான்ஸ்ஃபார்மரில் ஈ துண்டும் ஐ துண்டும் மாற்றி மாற்றிக் கோத்திருக்கும். சோக்குக்கு எல்லா ஈ-யையும் ஒரு பக்கமும் எல்லா ஐ-யையும் மறுபக்கமும் அடுக்கி, இடையில் 2.5 மில்லிமீட்டர் ஹைலம் ஷீட் வைக்க வேண்டும். காந்தப் பாதை அந்த இடைவெளியை இரண்டு முறை கடப்பதால் அது 5 மில்லிமீட்டராகக் கணக்காகும். 40 சுற்று சுற்றினால் 1 மில்லிஹென்றி. 120 ஆம்பியரில் இரும்புக்குள் 1.2 டெஸ்லா, 150-ல் 1.5. அதற்கு மேல் போனால் இரும்பு நிறைந்து சோக் வெறும் கம்பியாகிவிடும். இடைவெளி வைக்காமல் கோத்தால் தொடக்கத்திலேயே அப்படித்தான் ஆகும்.

செம்பு, 8-க்கு 2 மில்லிமீட்டர் பேப்பர் சுற்றிய பட்டை. ஒரு அடுக்கில் 8 சுற்று, ஐந்து அடுக்கு. சுற்றுக்குச் சராசரி 27 சென்டிமீட்டர். முனைகளையும் சேர்த்து 11.5 மீட்டர், எடை 1.65 கிலோ. தடை 0.0126 ஓம். 120 ஆம்பியரில் 181 வாட் சூடு. ஆகவே சோக்கும் அதே ஃபேன் காற்றில் நிற்க வேண்டும். இரும்பு 5.5 கிலோ. சோக் மட்டுமே 7 கிலோவுக்கு மேல்.

சோக்குக்குப் பதில் பெரிய கண்டென்சர் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 120 ஆம்பியரை 3 மில்லிசெகண்ட் தாங்கி, அதற்குள் 20 வோல்ட்டுக்கு மேல் இறங்காமல் இருக்க 18,000 மைக்ரோஃபாரட் வேண்டும். ஆர்க் இல்லாதபோது அது 106 வோல்ட் உச்சத்துக்கு நிரம்பி நிற்கும். அதில் உள்ள ஆற்றல் 101 ஜூல். ராடு தொட்ட கணத்தில் அத்தனையும் வெடிபோல் வெளிவரும். மெஷினை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். நான் போட்ட கண்டென்சர்கள் ஒவ்வொரு டயோடுக்கும் 0.1 மைக்ரோஃபாரட், 47 ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து, துள்ளலை உறிஞ்ச மட்டும். ஏசி பக்கம் ஒரு 130 வோல்ட் வேரிஸ்டர்.

நோட்டில் எழுதியது இதுதான். விலை ஊருக்கு ஊர் மாறும், எடையும் எண்ணிக்கையும் மாறாது.

டயோடு 4, ஒன்று 450 வீதம்: 1,800
அலுமினியத் தட்டு 3 கிலோ, 300 வீதம்: 900
ஃபேன்: 700
கண்டென்சர், ரெசிஸ்டர், வேரிஸ்டர்: 260
பழுதான டிரான்ஸ்ஃபார்மர் 1,500. கழற்றிய பழைய செம்பு 1.6 கிலோ விற்றது 960, நிகரம்: 540
செம்புப் பட்டை 1.65 கிலோ, 1,000 வீதம்: 1,650
வார்னிஷ், லெதராய்டு, ஹைலம்: 220
லக், போல்ட், தெர்மல் பேஸ்ட்: 380
தெர்மல் சுவிட்ச்: 120
மொத்தம்: 6,570
செத்த பழைய டயோடுகள்: 500
கையைவிட்டுப் போனது: 7,070 ரூபாய்

பெட்டிக்கு வேண்டிய தகடு பட்டறையிலேயே கிடந்தது. என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி போடவில்லை. போட்டிருந்தால் கணக்கு வேறு.

மின்சாரத்தையும் எழுத வேண்டும், அதை யாரும் எழுதுவதில்லை. டயோடு 288, சோக் 181, ஆக 469 வாட் கூடுதல் இழப்பு. நாளுக்கு 2 மணி நேரம் ஆர்க் எரிந்தால் 0.94 யூனிட், 300 நாளில் 281 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,810 ரூபாய். இரண்டரை ஆண்டில் பெட்டியின் விலையைச் சூடாகவே ஊதிவிடுவோம். இதைப் பார்த்த பிறகுதான் பழைய ஏசி முனைகளைத் தனியாக வெளியே விட்டேன். கிரில் வேலைக்கு 6013 ஏசியிலேயே ஓடுகிறது, 7018-க்கு மட்டும் கேபிளை டிசிக்கு மாற்றுகிறோம். நாளுக்கு அரை மணி நேரம். ஆண்டுக்கு 70 யூனிட், 700 ரூபாய். ஏசி முனையை வைத்திருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கனமான மூலைகளில் டிசி ஆர்க் காந்தத்தால் ஒரு பக்கம் இழுக்கும். அப்போது ஏசிக்குத் திரும்பினால் நேராக நிற்கும்.

செட்டின் கரண்டில் எவ்வளவு குறைந்தது? 4 வோல்ட் கழிந்தும் 120-க்கு 117தான் ஆகிறது. டிரான்ஸ்ஃபார்மர் 75 வோல்ட்டிலிருந்து சரிந்து வருவதால் அந்த 4 வோல்ட் பெரிதாக உறைக்காது.

முதல்முறை ஆன் செய்யும் முன் ஒரு சோதனை. டிரான்ஸ்ஃபார்மருக்கும் பிரிட்ஜுக்கும் இடையே 1,000 வாட் தண்ணீர் ஹீட்டர் ஒன்றைத் தண்ணீரில் போட்டுத் தொடராக இணையுங்கள். ஹீட்டரின் தடை 53 ஓம். டயோடு ஒன்று தலைகீழாக இருந்தாலும் 1.4 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் கருகாது. எல்லாம் சரியாக இருந்தால் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம், டிசி பக்கம் மீட்டர் 66 வோல்ட் அளவில் காட்டும். 33 காட்டினால் ஒரு டயோடு திறந்திருக்கிறது. ஹீட்டரை எடுத்த பின் ஹோல்டரைப் பிளஸில் மாட்டுங்கள், 7018 அதைத்தான் விரும்பும். ராடு ஈரம் குடித்திருந்தால் டிசி மட்டும் காப்பாற்றாது. 260 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் வாட்ட வேண்டும்.

மாலை 370 வோல்ட்டில் இப்போது 7018 அணையாமல் முழு ராடும் ஓடுகிறது. டிரெய்லர் கொக்கி வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளுவதில்லை.

ஆனால் நான் செலவழித்த 7,070 ரூபாய்க்கு அருகிலேயே 200 ஆம்பியர் சிறு இன்வெர்ட்டர் மெஷின் புதிதாகக் கிடைக்கிறது. அதை மறைத்து இந்தக் கணக்கை எழுதினால் அது பொய்க்கணக்கு. உங்கள் பட்டறை மூலையில் பழுதான டிரான்ஸ்ஃபார்மரும் செம்புப் பட்டையும் கிடந்தால் செலவு 4,380-ல் முடியும், தாராளமாக மாற்றுங்கள். இரும்பும் செம்பும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் மாற்ற வேண்டாம், இன்வெர்ட்டரையே வாங்கிக்கொள்ளுங்கள்.