குளிர்ந்த இஞ்சினின் நிதான ஓட்டம்

மட்டாஞ்சேரியின் பஜார் வீதியில், மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கிடங்குகளின் வாசலில் சரக்கேற்றி நிற்கும் பழைய டீசல் லாரி ஒன்று, அதிகாலையில் உயிர்பெற்ற மாத்திரத்தில் நடுங்கி அணைந்துபோகுமானால், அதற்குக் காரணம் பலவேளைகளில், தீப்பொறியின்றி, அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணத்தாலேயே எரிபொருள் பற்றவேண்டிய அவ்வியந்திரத்தில், குளிர்ந்த சிலிண்டர் சுவர்கள் அந்த உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்வதும், தடித்துப்போன எண்ணெய் சுழற்சிக்குத் தடையாவதுமேயாம்.

இதற்குப் பரிகாரமென்று, 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனம் நம் நாட்டில் தயாரித்தளித்தவை போன்ற டீசல் பம்புகளில் உள்ள, இஞ்சினின் நிதான ஓட்ட வேகத்தை நிர்ணயிக்கும் ஐடிலிங் திருகைக் குளிர்ந்த நிலையிலேயே முறுக்கிவிடுவது சரியன்று. இஞ்சின் சூடேறியதும் வேகம் மிகுந்து, டீசல் விரயமாகி, கியர் மாற்றுவதும் சிரமமாகும். இஞ்சினை முழுவதும் சூடாக்கி, லாக் நட்டைத் தளர்த்தி, தயாரிப்பாளர் கையேடு விதித்த சுழற்சி வேகத்துக்குத் திருகைச் சீர்செய்து, மறுபடி இறுக்குவதே முறை.

கொச்சியில் மார்கழியிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மூணாற்றிலோ சில விடியல்களில் உறைநிலையையே தொடும். ஆதலின் மலையேறும் ஓட்டுநர்கள், குளிர்வேளையின் கூடுதல் வேகத்தைக் கை ஆக்ஸிலரேட்டரால் தற்காலிகமாகப் பெற்று, சூடேறியதும் அதைத் தளர்த்திவிட வேண்டும். அப்படியும் இஞ்சின் நடுங்கினால், திருகைத் தொடாமல் நாஸிலையும் ஃபில்டரையும் பரிசோதிப்பதே விவேகம்.