ஒரு புள்ளியில் இழந்த மகுடம்

வெற்றி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு இயங்கும் துறைகளுள் மோட்டார்ப் பந்தயமும் ஒன்று. கண்ணிமைக்கும் பொழுதில் முந்தியவர் பிந்தியவராக மாறிவிடும் அக்களத்தில் அறத்திற்கு இடமேது என வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு விடையாக விளங்குவது இங்கிலாந்துப் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மோஸ் அவர்களின் வாழ்க்கை. உலகச் சாம்பியன் பட்டத்திற்குரிய 66 கிராண்ட் பிரீ பந்தயங்களில் பங்கேற்று 16 வெற்றிகளை ஈட்டிய அவர், அப்பட்டத்தை ஒருமுறையேனும் பெற்றதில்லை. 1958ஆம் ஆண்டில் அது அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அப்பட்டம் நழுவியதற்கு அவர் உரைத்த உண்மையும் ஒரு காரணமாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இளமையும் வளர்ச்சியும்

மோஸ் 1929 செப்டம்பர் 17ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் மோஸ் பல் மருத்துவர். 1924இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் கலந்துகொண்டவர். தாயாரும் கார்ப் போட்டிகளில் ஈடுபாடு கொண்டிருந்தார். தங்கை பேட் மோஸ் நெடுந்தொலைவு ராலிப் போட்டிகளில் புகழ்பெற்றார். இத்தகைய குடும்பத்தில் தோன்றிய மோஸ், 1948இல் கூப்பர் என்னும் சிறிய பந்தயக் காருடன் களம் புகுந்தார். 1950இல், தமது 21ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், வட அயர்லாந்தின் டன்ட்ராடு களத்தில் கொட்டும் மழையில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் ஜாகுவார் காரை ஓட்டி வென்றார்.

1955இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அவ்வணியின் தலைமை வீரர் அர்ஜென்டினா நாட்டு மேதை ஃபாஞ்சியோ. அவ்வாண்டு இத்தாலியின் பிரெசியா நகரிலிருந்து ரோம் வரை சென்று மீளும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்ப் பொதுச்சாலைப் பந்தயமான மில்லே மிலியாவை மோஸ் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார். அவருக்கு அருகில் அமர்ந்திருந்த இதழாளர் டெனிஸ் ஜென்கின்சன், வழியிலுள்ள வளைவுகளையும் மேடுபள்ளங்களையும் முன்னரே குறித்துவைத்த நீண்ட தாள்சுருளைப் பார்த்துக் கைச்சைகையால் எச்சரித்துக்கொண்டே வந்தார். என்ஜின் இரைச்சலில் வாய்ச்சொல் கேளாது என்பதால் இந்த ஏற்பாடு. வேகம் என்பது துணிவு மட்டுமன்று, முன்னேற்பாடும் உழைப்புமாகும் என்பதற்கு இவ்வெற்றி சான்றாகும்.

1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஃபாஞ்சியோவே உலகச் சாம்பியன். மோஸ் இரண்டாம் இடம். 1958இல் ஃபாஞ்சியோ களத்தைவிட்டு ஒதுங்கினார். இனி மகுடம் மோஸுக்கே என்று பலரும் கருதினர்.

புள்ளிக் கணக்கு

அக்காலத்தில் முதல் ஐந்து இடங்களுக்கு முறையே 8, 6, 4, 3, 2 புள்ளிகள் வழங்கப்பட்டன. பந்தயத்தில் மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடித்தவருக்கு மேலும் 1 புள்ளி உண்டு. 1958இல் ஒரு வீரரின் சிறந்த ஆறு பந்தயங்களின் புள்ளிகள் மட்டுமே இறுதிக் கணக்கில் சேர்க்கப்பட்டன. எனவே பல வெற்றிகளுக்கிடையே பழுதுபட்டு நிற்பவரைவிட, தொடர்ந்து இரண்டாம் இடம் பெறுபவர் முந்திவிட இயலும்.

மோஸ் இங்கிலாந்தின் வான்வால் அணியில் ஓட்டினார். அவருக்குப் போட்டியாக எழுந்தவர் இத்தாலியின் ஃபெராரி அணியைச் சேர்ந்த மைக் ஹாதார்ன். இவரும் ஆங்கிலேயரே. ஆகஸ்டு மாதம் போர்ச்சுகல் பந்தயத்திற்கு வந்தபோது ஹாதார்ன் 30 புள்ளிகளும் மோஸ் 24 புள்ளிகளும் பெற்றிருந்தனர்.

போர்ட்டோவில் நிகழ்ந்தது

1958 ஆகஸ்டு 24ஆம் நாள் போர்ட்டோ நகரத் தெருக்களில் அப்பந்தயம் நடைபெற்றது. மோஸ் முதலிடம் பெற்றார், ஹாதார்ன் இரண்டாமிடம். ஆயின் பந்தயம் முடியும் தறுவாயில் ஹாதார்னின் கார் சுழன்று, என்ஜின் அணைந்து நின்றுவிட்டது. அதனைத் தள்ளி, சரிவில் உருட்டி, மீண்டும் இயக்கினார். அப்போது பந்தயத்தின் திசைக்கு எதிராகக் கார் சென்றது என்று கூறி நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தனர். அம்முடிவு நிலைத்திருந்தால் மோஸ் 32 புள்ளிகளுடன் முன்னணிக்கு வந்திருப்பார்.

நடந்ததைக் கண்ணால் கண்ட மோஸ் வாளாவிருந்திருக்கலாம். மௌனம் எவ்விதியையும் மீறியதாகாது. அவரோ நடுவர்களிடம் சென்று, ஹாதார்ன் எதிர்த்திசையில் சென்றது பந்தயப் பாதையின்மீது அன்று, நடைபாதையின்மீதே என்று சாட்சியம் அளித்தார். தகுதிநீக்கம் விலக்கப்பட்டது. இரண்டாம் இடத்திற்குரிய 6 புள்ளிகளும் விரைவுச் சுற்றுக்குரிய 1 புள்ளியும் ஹாதார்னுக்கே கிடைத்தன.

இறுதிப் பந்தயம் அக்டோபர் 19ஆம் நாள் மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரை அடுத்த ஐன் தியாபில் நடந்தது. மோஸ் வெற்றியும் பெற்றார். விரைவுச் சுற்றையும் நிகழ்த்தினார். ஹாதார்ன் இரண்டாமிடம் பெற்றார். இறுதிக் கணக்கில் ஹாதார்ன் 42, மோஸ் 41. அவ்வாண்டில் நான்கு பந்தயங்களை வென்றவர் தோற்றார். ஒன்றை மட்டும் வென்றவர் சாம்பியனானார். போர்ட்டோவின் 7 புள்ளிகள் இல்லையெனில் ஹாதார்னின் கணக்கு 39ஆக நின்றிருக்கும்.

ஈகையும் நீதியும்

மோஸின் செயலைப் பெருந்தன்மை என்று பலர் புகழ்வர். அது முற்றும் பொருந்துவதன்று. 1956இல் இத்தாலியின் மோன்சா களத்தில், பட்டம் பெறும் வாய்ப்பு தமக்கும் இருந்த நிலையில், பீட்டர் காலின்ஸ் என்னும் இளைஞர் தம் காரை ஃபாஞ்சியோவுக்கு அளித்தார். ஃபாஞ்சியோ அதனால் சாம்பியன் ஆனார். அது ஈகை, தம்முடையதைப் பிறருக்குத் தருதல். மோஸ் செய்தது நீதி; பிறருக்கு உரியதைத் தம்மிடம் வரவிடாது தடுத்தல். ஈயாதவரை உலகம் குறை கூறாது. அறிந்த உண்மையை மறைத்தவரோ குற்றத்திலிருந்து தப்ப இயலாது.

பகை, அயல், நட்பு என்னும் மூவகையாரிடத்தும் ஒரு தன்மையராய் நிற்றலே நடுவுநிலைமை எனக் குறளுக்கு உரை கண்டோர் விளக்குவர். சாட்சியம் தமக்கே பாதகமாயினும் நீதியின் பக்கமே நிற்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் வகுத்துள்ள நெறி. வெவ்வேறு வழிகளில் வந்த இவ்விரு நெறிகளும் சந்திக்கும் இடத்தில், அவற்றைக் கற்றறியாத ஒரு பந்தய வீரர் தம் மனச்சான்றின் துணையால் நின்றார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின்னைய வாழ்வு

பட்டம் பெற்ற ஹாதார்ன் உடனே ஓய்வை அறிவித்தார். 1959 ஜனவரி 22ஆம் நாள் சாலை விபத்தில் தம் 29ஆம் வயதில் உயிர்நீத்தார். மோஸ் தொடர்ந்து ஓட்டினார். 1961இல் மொனாக்கோவில் ஆற்றல் குறைந்த லோட்டஸ் காரைக் கொண்டு ஃபெராரி அணியினரை வென்றது அவரது திறனின் உச்சம் எனலாம். 1962 ஏப்ரல் 23ஆம் நாள் குட்வுட் களத்தில் நேர்ந்த கடும் விபத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் நினைவிழந்து கிடந்தார். உடல் தேறியபின் மறு ஆண்டில் மீண்டும் காரை ஓட்டிப் பார்த்தவர், பழைய கூர்மை தம்மிடம் இல்லையென உணர்ந்து விலகினார். பிறர் கூறுமுன் தம் குறையைத் தாமே ஏற்றுக்கொண்ட இச்செயலும் போர்ட்டோவில் கண்ட அதே நேர்மையின் விளைவேயாகும். 2000ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 2020 ஏப்ரல் 12ஆம் நாள் 90ஆம் வயதில் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! தேர்வறையிலும் விளையாட்டுக் களத்திலும் நாளை நீங்கள் ஏற்கவிருக்கும் பணியிடங்களிலும், வாய் திறந்தால் இழப்பு, திறவாதிருந்தால் ஆதாயம் என்னும் வேளை ஒருநாள் வரும். அந்நாளில் எவரும் உங்களைக் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்காததனாலேயே அது சோதனையாகிறது. மோஸிடம் எஞ்சியது 41 புள்ளிகள். அவற்றுள் ஒன்றுகூடப் பிறருக்கு உரியதன்று.