கசகசா என்றால் எது?

நோன்பு திறக்கும் வேளையில் சர்பத்துக் குவளையில் மிதக்கும் கறுப்பு விதையை நாம் கசகசா என்கிறோம். பலூடாவில் சேர்ப்பதும் அதுவே. "கசகசாவில் அபின் இருக்கிறது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது" என்ற எச்சரிக்கை இப்போது கைபேசிகளில் பரவி வருகிறது. உரும்பிராயில் எங்கள் வீட்டிலும், ஆறு மாதக் கர்ப்பிணியான ராத்தாவுக்குச் சர்பத் கொடுக்க வேண்டாம் என்று மாமி தடுத்துவிட்டார். உயர்தரத்தில் உயிரியல் கற்பதால் இதைத் தேடிப் படித்தேன். ஒரே பெயரில் இரண்டு விதைகள் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம்.

தமிழ்நாட்டுச் சமையற் குறிப்புகளில் வரும் கசகசா, குருமாவில் அரைத்துச் சேர்க்கும் வெள்ளை விதை. அது அபினிச் செடியான பப்பாவர் சொம்னிஃபெரத்தின் விதை. நமது சர்பத்தில் மிதப்பதோ துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த திருநீற்றுப் பச்சிலையின் விதை. அதைத் தமிழ்நாட்டில் சப்ஜா விதை என்பார்கள். இதற்கும் அபினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி அந்த வெள்ளைக் கசகசாவைப் பார்ப்போம். மோர்பின், கோடீன் ஆகியவை அபினிக் காயின் பாலில்தான் நிறைந்துள்ளன. அறுவடையின்போது அந்தப் பால் விதைகளில் ஒட்டிக்கொள்கிறது. கழுவுதல், ஊறவைத்தல், அரைத்தல், சூடாக்குதல் ஆகியவற்றால் அதன் அளவு வெகுவாகக் குறையும். ஆகவே ஒரு சட்டிக் குருமாவில் சேரும் ஒரு கரண்டி விதையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தூக்கத்துக்காக அதிகமாக அரைத்துக் குடிப்பதும், விதையை ஊறவைத்த நீரைப் பருகுவதும் ஆபத்தானவை. மோர்பின் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடையக்கூடியது. தாய் தொடர்ந்து உட்கொண்டால், பிறந்த குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை, மூச்சுச் சிரமம் ஏற்படலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல், கடையில் விற்கும் 1 கிலோ விதையில் இப்பொருட்களுக்கு 20 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு உள்ளது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இவ்விதைக்கே தடை. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு மசாலாத்தூள் அனுப்புவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நமது கறுப்பு விதையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அதை நன்கு ஊறவைத்தே குடிக்க வேண்டும். உலர்ந்த விதை தொண்டையில் வீங்கி அடைக்கலாம். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் விதையைவிட, சர்பத்திலுள்ள சீனியைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டும். உணவாகச் சிறிதளவு சேர்ப்பது வேறு, மருந்தாக நாள்தோறும் விழுங்குவது வேறு.

எந்த விதை என்று ஐயம் வந்தால் ஒரு கரண்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வழுவழுப்பான உறை சூழ்ந்து வீங்கினால் அது திருநீற்றுப் பச்சிலை விதை. அபினிச் செடியின் விதை அவ்வாறு வீங்காது.

ஒரு பொருளை விலக்கும் முன் அது எது என்று அறிவோம். அதன் பின்னும் ஐயம் இருந்தால் அயலாரைக் கேட்காமல், கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடமோ மருத்துவ மாதுவிடமோ கேட்போம். கேட்கும்போது பெயரை மட்டும் சொல்லாமல், விதையையும் ஒரு பொட்டலத்தில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.