சுளுக்குதானே என்று உருவாதீர்கள்

செகந்திராபாத் திருமுல்கேரியில் படியிறங்கும்போது கால் பிசகினால் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: எண்ணெய் போட்டு உருவுவார்கள், இல்லையேல் ஹைதராபாத் முழுக்கப் பலகை தொங்கும் புத்தூர் கட்டு என்ற நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போவார்கள். எலும்பு முறிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் குறைவு. அதற்கு 1992-லேயே கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் எளிய விதி வகுத்துவிட்டார்கள். கணுக்கால் வலியோடு நாலடி வைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதுவரை உருவாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.

எலும்பு தப்பி, ஜவ்வு கிழிந்திருந்தால் எந்தக் கட்டு நல்லது? பிரிட்டனில் கடுமையான சுளுக்குள்ள 584 பேரிடம் நான்கு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் லான்செட் இதழில் வந்தது. முழங்காலுக்குக் கீழே 10 நாள் மட்டும் மாவுக்கட்டு போட்டவர்கள், மீள்துணிக் கட்டு போட்டவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றே. புத்தூர் கட்டுக்காரரும் காலை அசையாமல்தானே வைக்கிறார் என்று கேட்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல், வாரக்கணக்கில் வைக்கிறாரே, வித்தியாசம் அங்கேதான். கட்டு பிரித்ததும் வைத்தியம் முடிந்தது என்று நினைப்பதும் பிழை. கணுக்காலை மடக்கி நீட்டும் பயிற்சியும் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியும் செய்யாத கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம். இதை விளக்கக்கூட நேரமில்லாத மருத்துவர்களையும் குறை சொல்ல வேண்டும். எந்தக் கட்டானாலும் விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயந்துதான் கட்டுக்குப் போகிறோம் என்பார்கள். செகந்திராபாத் காந்தி மருத்துவமனை அரசினுடையது. அதன் எலும்புப் பிரிவுக்குப் போகலாம். முன்னாள் ராணுவக் குடும்பங்களுக்கு ஈசிஎச்எஸ் அட்டை இருக்கிறது. எங்கே போனாலும் ஓபி சீட்டு, எக்ஸ்ரே பிலிம், ரசீது மூன்றையும் வாங்கி வையுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் பதிவேட்டின் நகலைத் தரவேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. காசு கொடுத்த சிகிச்சையில் தவறு நடந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழி தெரியாவிட்டால் 1915-ஐ அழையுங்கள். எல்லோருக்கும் இலவசமாகத் தரும் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணைய வழி இல்லை. பதிவு பெற்ற மருத்துவர் மீதான புகாரைத் தெலங்கானா மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். கட்டுக்காரரோ அந்தக் கவுன்சிலில் பதிவு பெற்றவர் அல்லர். சீட்டு எழுதித் தராதவரிடம் காலை நீட்டாதீர்கள்.