ஆசு களையும் ஆசிரியப் பணி

வேதியியல் பேராசிரியர் ஒருவர் அறிவியல் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார் எனக் கேள்வியுற்றால் நாம் மகிழ்ந்து பாராட்டுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அப்பதவி அவர்தம் தோளில் ஏற்றும் பொறுப்பினை அறிந்தோர் சிலரே. 'ஆசிரியர்' என்னும் சொல்லை 'ஆசு இரியர்' எனப் பிரித்து, குற்றங்களைப் போக்குபவர் எனப் பொருள் கூறுவர். வகுப்பறை ஆசிரியர்க்கும் ஆய்விதழ் ஆசிரியர்க்கும் இப்பொருள் ஒருங்கே பொருந்தும்.

ஆய்வாளர் அனுப்பும் கட்டுரையைப் பதிப்பாசிரியர் முதலில் படிக்கிறார். தகுதியுடையதெனத் தோன்றின், அத்துறை வல்லுநர் இருவர் அல்லது மூவர்க்கு அனுப்புகிறார். பெரும்பாலும் அவர்தம் பெயர் கட்டுரையாளர்க்குத் தெரிவிக்கப்படுவதில்லை. சோதனை முறை சரியானதா, சான்றுகள் முடிவைத் தாங்குகின்றனவா என அவர்கள் ஆராய்ந்து கருத்துரைப்பர். ஏற்பதா, திருத்தச் சொல்வதா, மறுப்பதா என்னும் தீர்ப்பு பதிப்பாசிரியருடையது. குழு உறுப்பினர்கள் இதழின் போக்குக் குறித்து ஆலோசனை வழங்குவர். வேண்டுங்கால் கட்டுரைகளையும் மதிப்பிடுவர்.

1879-இல் தொடங்கிய அமெரிக்க வேதியியல் கழக இதழின் தலைமைப் பதிப்பாசிரியராக 2002 முதல் 2020 வரை யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்டாங் விளங்கினார். 2021 சனவரியில் சூரிச் நகரத்துப் பேராசிரியர் எரிக் கரெய்ரா அப்பொறுப்பை ஏற்றார். இருவரும் தாமே ஆய்வு நிகழ்த்திய கரிம வேதியியலார். ஆய்வுக்கூடத்தில் உழைத்தவரே பிறர் ஆய்வின் குறைநிறைகளை உணர வல்லவர் அன்றோ?

இம்மதிப்பீட்டுக்கு முன்பே முடிவுகளைப் பறைசாற்றினால் என்ன நேரும்? 1989 மார்ச் 23 அன்று ஃபிளைஷ்மன், பான்ஸ் என்னும் வேதியியலார் இருவர், அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவு நிகழ்ந்ததாக, ஆய்விதழில் கட்டுரை வெளிவருமுன்னரே செய்தியாளர்க்கு அறிவித்தனர். உலகமே வியந்தது. ஆயின் பிற ஆய்வுக்கூடங்கள் பல முயன்றும் அதனை உறுதிப்படுத்த இயலவில்லை.

மதிப்பிடுவோரும் தவறுவதுண்டு. சோவியத் நாட்டு வேதியியலார் போரிஸ் பெலூசோவ், ஒரு கரைசல் மஞ்சளாகவும் நிறமற்றதாகவும் மாறி மாறித் தோன்றுவதைக் கண்டார். வேதிவினை சமநிலை நோக்கியே செல்லும். ஊசல்போல் ஆடாது என்பது அந்நாளைய நம்பிக்கை. ஆதலின் 1951-இல் அவர் கட்டுரை மறுக்கப்பட்டது. 1959-இல் சிறு குறிப்பாகவே அது வெளிவந்தது. சமநிலையினின்று விலகி நிற்கும் கரைசலில் இடைநிலைப் பொருள்களின் அளவு இவ்வாறு ஏறியிறங்குதல் இயலும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சபோட்டின்ஸ்கி அவ்வாய்வைத் தொடர்ந்தார். 1970-இல் மறைந்த பெலூசோவுக்கு 1980-இல் லெனின் பரிசில் பங்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற அவர் இல்லை.

எனவே, பிழையைத் தடுக்கும் விழிப்பும், தாம் அறியாத புதுமைக்கு இடந்தரும் பணிவும் ஆசிரியர் குழுவினர்க்கு ஒருசேர வேண்டும். மாணவர்களே! இப்பண்புகளுக்கான பயிற்சி உங்கள் செய்முறைக் குறிப்பேட்டிலேயே தொடங்குகிறது. எதிர்பார்த்த விடைக்கேற்ப அளவீடுகளைத் திருத்தாமல், கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். அவ்வாறு எழுதப் பழகியவர்க்கே நாளை பிறர் எழுத்தை மதிப்பிடும் தகுதி வாய்க்கும்.