கோளாறை இடம் மாற்றிப் பாருங்கள்

பழைய அம்பாசடர் ஒன்று மிஸ் அடிக்கத் தொடங்கினால் பல பட்டறைகளில் நடப்பது இதுதான். நான்கு பிளக்கும் புதிதாக ஏறும், பாயின்ட்டும் கண்டென்சரும் மாறும், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் காயிலை மாற்றுவார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சீராக ஓடும், உரிமையாளரும் நிம்மதியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். கோளாறு எதில் இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, வேலை பார்த்தவருக்கும் தெரியாது. அதே மிஸ்ஸிங் சில மாதம் கழித்துத் திரும்பினால் இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கோளாறைப் போக வைப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் அது நம் கைக்கு அசைய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை இடம் மாற்றி, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் பழைய காருக்கு ஏற்ற அறிவியல் முறை.

சிலிண்டருக்குள் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போவதுதான் மிஸ்ஸிங். எரிவதற்குத் தேவை மூன்றே மூன்று: சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும், அந்தக் கலவையை இறுக்கும் கம்ப்ரஷன், உரிய நொடியில் ஒரு தீப்பொறி. அம்பாசடரில் வெகுகாலம் இருந்தது 1489 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு வந்தது அது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துவிட்டால், நொடிக்கு ஆறேழு முறை தாளம் தப்பாமல் ஒரு வெட்டு கேட்கும். வெட்டு ஒழுங்கில்லாமல், நினைத்தபோது வந்து நினைத்தபோது போனால், நான்கு சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றின்மேல் சந்தேகம் போக வேண்டும்: காயில், பாயின்ட், ரோட்டர், பெட்ரோல் வரத்து. சைலன்சர் முனையில் கையை நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும் இந்த வேறுபாடு, ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கும் முன்பே சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

தாளமான வெட்டு என்றால் அடுத்த கேள்வி, எந்தச் சிலிண்டர்? இன்ஜின் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவது பழைய வழக்கம். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் இன்ஜின் தடுமாறும். படுத்த சிலிண்டரின் வயரை எடுத்தால் ஒரு மாற்றமும் இருக்காது. எடுத்த வயரை அந்தரத்தில் விடாமல் இன்ஜின் உலோகத்தோடு எர்த் செய்வது அவசியம், இல்லாவிட்டால் வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் காப்பையே துளைத்துவிடலாம். சிலிண்டர் தெரிந்துவிட்டது, அது மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயுள்ள பிளக்கைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதின் பிளக்கை மூன்றாவதில் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். மிஸ்ஸிங் இரண்டாவதுக்கு நகர்ந்தால் குற்றவாளி பிளக். மூன்றாவதிலேயே நின்றால் பிளக் நிரபராதி, அடுத்து வயரை இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. பிளக், வயர் இரண்டையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போட்டிருந்தால் இந்த விடை என்றைக்கும் கிடைத்திருக்காது.

இங்கே பலரும் நம்பும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, இன்ஜின்மேல் படுக்கவைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள். நீலப் பொறி பறந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது அரை உண்மை. ஓர் இடைவெளியைப் பொறி தாண்டத் தேவைப்படும் மின்னழுத்தம், இடைவெளியின் அகலத்தை மட்டுமல்ல, அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷென் 1889லேயே இதை அளந்து சொல்லிவிட்டார். திறந்த வெளியில் இரண்டு மூன்றாயிரம் வோல்ட்டில் தாண்டும் அதே இடைவெளியை, பிஸ்டன் மேலே வந்து கலவையை இறுக்கிய நிலையில் தாண்ட அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். அதனால்தான் வெளியில் பளிச்சென்று பொறி விடும் பிளக் உள்ளே ஊமையாகிவிட முடிகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் நிறையக் கலவை புகுந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழைபோல ஒரு விரிசல் இருந்தால், பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த விரிசல் வழியே உலோகத்துக்கு ஓடுவது மின்சாரத்துக்கு எளிதாகிவிடும். சமவெளியில் சமர்த்தாக ஓடிய வண்டி ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் மிஸ் அடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இக்னிஷனைத்தான். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட்டினால், கசியும் வயரின்மேல் பொறி நீலமாக ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

வேகம் கூடும்போது மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்குக் கணக்கு வேறு. இன்ஜின் 3000 சுற்றில் ஓடினால் பாயின்ட் நொடிக்கு நூறு முறை திறந்து மூடும். ஒவ்வொரு பொறிக்கும் கிடைப்பது பத்து மில்லி நொடி, அதில் பாயின்ட் மூடியிருக்கும் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில்தான் காயில் தன்னை நிரப்பிக்கொள்கிறது. பாயின்ட் இடைவெளியை அளவுக்கு மேல் அகலமாக வைத்துவிட்டால் அந்த நேரம் சுருங்கும். ஐடிலிங்கில் போதுமானதாக இருந்த நிரப்பு நேரம் இங்கே போதாது. குறைந்த வேகத்தில் மட்டும் வந்து வேகம் கூடினால் மறையும் மிஸ்ஸிங் இதற்கு நேர் எதிர். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் இருக்கும் ஓட்டை வழியே புகும் காற்று, ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் சொற்பக் காற்றில் பெரும்பங்கு ஆகிவிடும். திராட்டில் திறந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. இந்த இன்ஜினில் இன்னொரு தடயமும் உண்டு. முதலாம், இரண்டாம் சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே உள்வழி, மூன்றாம் நான்காவதுக்கு இன்னொன்று. ஆகவே ஓர் ஓட்டை பெரும்பாலும் ஜோடியாகத்தான் காட்டிக்கொடுக்கும். ஒன்றும் இரண்டும் சேர்ந்து ஐடிலிங்கில் சோர்ந்தால் பிளக் கடைக்கு ஓடாமல் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்களில் எல்லா வேகத்திலும் கம்ப்ரஷனே இல்லை என்றால் அது வேறு கதை. நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

இவ்வளவு விசாரணை எதற்கு, பிளக் என்ன விலை, மெக்கானிக்கின் நேரம் என்ன விலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பிளக் ஒன்றுக்கு மட்டும் பொருந்தும். பிளக் கருத்து எண்ணெய்ப் பசையோடு வெளியே வந்தால், அது நோயல்ல, நோயின் தடம். ரிங்கோ வால்வ் கைடோ தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. புது பிளக் போட்டால் கொஞ்ச காலம் ஓடும், அதற்குள் உள்ளே தேய்மானம் வளர்ந்திருக்கும். டேப்பட் இடைவெளி இல்லாமல் இறுகி, சரியாக மூடாத எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒவ்வோர் எரிதலிலும் கருகிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் டேப்பட் சரிசெய்து முடித்திருக்க வேண்டிய வேலை, பிளக் பிளக்காக மாற்றிக்கொண்டிருந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். எரியாத பெட்ரோலும் சும்மா போவதில்லை. சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்திய வண்டி என்றால், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதை உருக்கியே விடலாம்.

புதிய கார்களில் ஸ்கேனர் மாட்டினால் தெரிந்துவிடுகிறதே என்பதும் சரியான பதில் ஆகாது. கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தில் விழும் நுண்ணிய தொய்வை வைத்து, எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஏன் எரியவில்லை என்று அது சொல்வதில்லை. முதல் சிலிண்டரைக் குறிக்கும் பி 0301 என்ற குறியீட்டைப் பார்த்த நல்ல மெக்கானிக் அடுத்துச் செய்வதும், அந்தச் சிலிண்டரின் காயிலை வேறொன்றில் மாட்டிக் குறியீடு நகர்கிறதா என்று பார்ப்பதுதான்.

வலுவான மறுப்பு இன்னொன்று இருக்கிறது. முப்பது நாற்பது வயதான காரில் ஒரே ஒரு கோளாறு இருக்கும் என்று யார் சொன்னது? தேய்ந்த பாயின்ட், தளர்ந்த வால்வு, ஒழுகும் கேஸ்கெட் மூன்றும் ஒன்றாக இருந்தால், ஒன்றை மாற்றியதும் எதுவும் நகராமல் போகலாம். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது சொல்வது, சோதிக்கும் வரிசை முக்கியம் என்பதைத்தான். முதலில் டேப்பட்டைச் சரிபார்த்து, கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இல்லாத குறையை வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாது. ஒரு சிலிண்டர் மட்டும் வெகுவாகக் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கலாம். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. அது தேறிய பிறகு இக்னிஷன். கார்புரேட்டர் கடைசியில், ஏனென்றால் அதன் ஸ்குரூக்களைத் திருகி மற்ற இரண்டின் குறையையும் தற்காலிகமாக மறைத்துவிட முடியும்.

கடைசியில் வரும் கார்புரேட்டருக்கு இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று போதும். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோவே போதும். எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் இதைத் தானே அறிந்து கூடுதலாகப் பெட்ரோல் பாய்ச்சிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டோ என்றைக்கோ துளைத்த அளவிலேயே இருக்கிறது, ஆகவே கலவை மெலிகிறது. சூடேறிய இன்ஜின் மிதமான வேகத்தில் விட்டுவிட்டு மிஸ் அடித்தால், சோக்கைக் கொஞ்சமே கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். மிஸ்ஸிங் குறைந்தால் கலவை மெலிந்திருக்கிறது. மேனிஃபோல்டில் ஓட்டை இல்லை என்பதையும், பழைய ரப்பர் பைப்பும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் எத்தனாலில் கெட்டு வரத்தைக் குறைக்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகே ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். சோக்கை இழுத்ததும் நிலைமை மோசமானால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம், திரும்ப டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள்.